சாவியோடு அணையட்டும்

“இது தேவையில்லாத வேலைம்மா. எனக்கே மனசு வரலை” என்றார் கார் எலக்ட்ரீஷியன், டிக்கிக்குள் தலையை விட்டபடி.

“தேவை எனக்கு. மனசை ஓரமா வெச்சுட்டு வயரைப் பாருங்க தம்பி” என்றாள் தையற்காரம்மா.

ஒரே மாதத்தில் மூன்று காலைகள் அவளுடைய கார் கிளம்பவில்லை. பேட்டரி காலி. மூன்று முறையும் மகன் ஒரே பாட்டைத்தான் பாடினான். “நீ லைட்டை அணைக்க மறந்திருப்பேம்மா. வயசாயிடுச்சு. இன்னொரு தடவை நின்னுச்சுன்னா, சாவி என் கைக்கு வந்துடணும்.”

சாவி போய்விட்டால், அளவெடுக்கப் போவதற்கும் தைத்ததைக் கொடுத்துவிட்டு வருவதற்கும், அவனுக்கு எப்போது ஒழியும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

“பேட்டரியில ஒரு குறையும் இல்லை” என்றார் எலக்ட்ரீஷியன். “டிக்கியில இருக்கற இந்த சாக்கெட்டுல மட்டும், சாவியை எடுத்தாலும் கரண்ட் இருந்துட்டே இருக்கும். ஆனா ராத்திரி பூரா குட்டி ஃப்ரிட்ஜ் மாதிரி எதையாவது சொருகி வெச்சாத்தானே பேட்டரி காலியாகும்? நீங்க எதையாவது சொருகறீங்களா?”

“இல்லை.”

“ஒருவேளை மறந்து போய்...”

“எனக்கு இருக்கறது வயசு. மறதி இல்லை.”

அவர் சிரிப்பை விழுங்கிக்கொண்டார். “அப்ப இதை மாத்தி என்னம்மா ஆகப் போகுது?”

“சாவியைத் திருப்பினா கரண்ட் வரணும். எடுத்தா நிக்கணும். அவ்வளவுதான். என் கார், என் சாவி, என் பேட்டரி.”

அவர் வேலையில் இறங்கினார். சாக்கெட்டுக்கு வந்த வயரைப் பிரித்து, சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் வயரோடு சேர்த்தார். சாக்கெட்டில் ஒரு சின்ன விளக்கை மாட்டினார். அவள் சாவியைத் திருப்பினாள், எரிந்தது. எடுத்தாள், அணைந்தது. போட்ட தையலை இழுத்துப் பார்ப்பவளைப் போல இன்னொரு முறையும் திருப்பி எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

மறுநாள் வழக்கத்தைவிடச் சீக்கிரமே போய்க் காரில் உட்கார்ந்தாள். மகன் பனியனோடு ஓடி வந்தான்.

“இவ்வளவு சீக்கிரம் எங்கம்மா? கிளம்பாதுன்னு தெரிஞ்சும் ஏன் அதோட மல்லுக்கட்டறே? சாவியைக் கொடு. நானே கொண்டு விடறேன்.” கையை நீட்டினான்.

அவள் சாவியைத் திருப்பினாள். கார் ஒரே உறுமலில் கிளம்பியது. கூடவே டிக்கிக்குள் இன்னொரு மோட்டாரும் முனக ஆரம்பித்தது.

நீட்டிய கை நீட்டியபடியே நின்றது.

“ராத்திரி நீ சொருகி வெச்ச குட்டி ஃப்ரிட்ஜ்தான்டா. கரண்ட் இல்லாம தூங்கிட்டு, என் கூடவே முழிச்சிருக்கு” என்றாள் கண்ணாடியைச் சரிசெய்தபடி. “எடுத்துட்டு உள்ளே போ. எனக்கு நேரமாச்சு.”