முதல் வயலின்

டெல்லி கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் தனியாக இருந்த எபினேசர், தினமும் சாயங்காலம் ஜன்னலைத் திறந்துவைத்து இரண்டு வயலின்கள் சேர்ந்து வாசிக்கிற ஒரு பரோக் சொனாட்டாவில் இரண்டாம் வயலினை வாசிப்பார். முதல் வயலின் எதிர் வீட்டிலிருந்து வரும். இசைத்தாளின் பக்கத்தை அவர் திருப்பும்போது அதுவும் நின்று காத்திருக்கும்.

ஒரு ஞாயிறு காலை, கேக்கோடு போய் அந்த வீட்டுக் கதவைத் தட்டினார். ஜலஜா திறந்தாள்.

"இங்க வயலின் வாசிக்கிறது யாரும்மா?"

"என் பொண்ணு மாதங்கி. ஜெர்மனிக்குப் போய் வருஷமாச்சு. அவ ப்ராக்டீஸ் பண்ணினதை மொபைல்ல போடறேன்."

"பொண்ணு ஞாபகமாவா?"

"கேட்டாலே எனக்கு அழுகை வரும். ஆனா எதிர்ல யாரோ ஒருத்தர் கூடவே வாசிக்கறார். அவர் நடுவுல நிறுத்தினா நானும் மொபைலை நிறுத்திவெச்சுக் காத்திருப்பேன். நான் நிறுத்திட்டா அவர் தனியாயிடுவாரே, பாவம். நீங்க யாரு?"

"வேற வீடுன்னு நினைச்சுத் தப்பா வந்துட்டேன்மா" என்று கேக்கை அவள் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினார் எபினேசர்.

சாயங்காலம் வழக்கம்போல ஜன்னலைத் திறந்தார்.