இருபத்திரண்டாவது பெயர்

கச்சேரி நடந்து நாற்பது நாள் கழித்து அதை ஆல்பமாக்க என் ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். இருபத்திரண்டு கலைஞர்கள். ட்ரம்பெட்டுகள், சாக்ஸபோன்கள், ஆப்பிரிக்க முரசு, கடைசி நாற்காலியில் செண்பகராமனின் கஞ்சிரா. ஒவ்வொருவருக்கும் தனி மைக், தனிப் பதிவு. செண்பகராமன் போன வாரம் இறந்துவிட்டார். ஒப்புதல் கையெழுத்துப் போட வந்த அவர் மனைவி வசுமதி சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

அன்று மேடையில் எல்லோரையும் பெயர் சொல்லி அறிமுகப்படுத்திய குழுத்தலைவர் ஆல்வின், செண்பகராமனை மட்டும் விட்டுவிட்டார்.

“இப்ப சொல்றேன், கடைசியில சேர்த்துடு” என்று என்னிடம் சொல்லிவிட்டு ஆல்வின் மைக் முன்னால் நின்று, “செண்பகராமன், கஞ்சிரா” என்றார்.

பெயருக்குப் பின்னால் கைதட்டல் வேண்டும். அரங்கத்துக் கைதட்டலில் எதை எடுத்தாலும் அதன்மேல் அடுத்தவர் பெயரோ ஆல்வினின் பேச்சோ விழுந்திருந்தது. ஒவ்வொரு மைக்காகத் திறந்து கேட்டேன். கஞ்சிரா மைக்கில் மட்டும் சுத்தமாக இருந்தது. மற்ற இருபத்தொரு பேருக்கும் அவர் மைக்குக்கு மிக அருகில் கைதட்டியிருக்கிறார். கடைசிப் பெயருக்கும் தட்டி முடித்த பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் கஞ்சிராத் தோலில் தண்ணீர் தடவித் தேய்க்கும் சத்தம். அடுத்த பாட்டுக்குத் தயாராகிவிட்டார்.

“இது யாரு தட்டுறது தம்பி?”

“உங்க வீட்டுக்காரர்தாம்மா.”

வசுமதியின் முகத்தில் எதுவும் மாறவில்லை. “அதையே போடுங்க.”

போட்டேன். ஆல்வின் பெயரைச் சொன்னார். செண்பகராமன் கைதட்டினார்.

“சீக்கிரமே நின்னுடுது” என்றார் வசுமதி.

நான் அதையே இன்னொரு முறை வெட்டி ஒட்டினேன்.