கண்ணுக்குக் கீழே

மேகம் இறங்கி வந்து, கேட்டுக்குப் பக்கத்தில் நிற்கிற சில்வர் ஓக் மரமே தெரியாத காலை. அந்த மங்கலில் மேக்ஸ்வெல் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வாசற்படியில் தட்டுத் தடுமாறி இறங்கினான்.

“ஏனுங்க, இந்த மேகத்துல எந்த வெயிலுக்குங்க அது?” என்று கேட்டாள் அவன் மனைவி சாரா.

“மெட்ராஸ் ஐ. யாரு கேட்டாலும் அப்படியே சொல்லு.”

“உங்களுக்கு எப்பங்க மெட்ராஸ் ஐ வந்துச்சு?”

“இப்பத்தான். அஞ்சு நிமிசம் ஆச்சு.”

வந்திருந்தது மெட்ராஸ் ஐ இல்லை. கண்ணுக்குக் கீழே, அடிப்பிடித்த பால் சட்டி மாதிரி இரண்டு கருவளையங்கள். வேறு யாருக்கு வந்திருந்தாலும் குற்றமில்லை. மேக்ஸ்வெல் தயாரிப்பதே கருவளையத்தைப் போக்கும் க்ரீம். ஊருக்குத்தான் உபதேசம் என்பதை இப்படி முகத்திலேயே எழுதி வைத்துக்கொண்டு திரிகிற ஆள் சேர்வராயன் மலையில் வேறு யாரும் கிடையாது.

நாகலூரில் வீட்டை ஒட்டியிருந்த ஒரு பழைய காப்பிக் கிடங்கை வாடகைக்குப் பிடித்து, காப்பிக்கொட்டைச் சாறு கலந்து க்ரீம் செய்துகொண்டிருந்தான். பிரைவேட் லேபிள் தொழில். சரக்கு இவனுடையது, டப்பாவில் வரும் பேரும் படமும் வாங்கி விற்கிறவர்களுடையது. டப்பாவின் அடியில் மட்டும் எறும்புக்கால் எழுத்தில் இவன் விலாசம் இருக்கும்.

கல்யாண வீடுகளில் அதைச் சொந்தக்காரர்களிடம் காட்டிப் பார்ப்பான். யார் கண்ணுக்கும் தெரியாது. ஒரு தடவையாவது டப்பாவின் முன்பக்கத்துக்கு வந்துவிட வேண்டும் என்று அவனுக்கு ஆசை. பேராசைதான், அது அவனுக்கே தெரியும்.

இன்றைக்கு அந்த ஆசைக்கெல்லாம் இடமில்லை. வழக்கமாக ஆர்டர் கொடுத்துவந்த கம்பெனி வடக்கே வேறு ஆளைப் பிடித்துக்கொண்டு போய்விட்டது. புதிதாக ஆர்டர் கொடுக்க ஈரோட்டிலிருந்து வரும் ஹேமலதாவும் கைவிட்டால், வேலை செய்யும் பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கிடங்கைப் பூட்ட வேண்டியதுதான். அந்தக் கவலையில் தூக்கம் போனது; தூக்கம் போனதில் வளையம் வந்தது. தன் க்ரீமையே பூசிப் பார்த்தான். தூங்குகிறவர்களுக்குத்தான் அது வேலை செய்யும் போலிருக்கிறது.

ஹேமலதா வந்து இறங்கினாள். கூடவே கேமராவும் கையுமாக ரஞ்சித் என்று ஒருவர். சாம்பிள் அவளுக்கு ஏற்கெனவே பிடித்திருந்தது. எதற்கும் நேரில் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகப் போனில் சொல்லியிருந்தாள்.

க்ரீமை டப்பாவில் நிரப்பும் அறையில் எல்லாப் பெண்களும் தொப்பியும் மாஸ்க்கும் போட்டிருந்தார்கள். வெளியே தெரிந்தது கண் மட்டும்தான். ஹேமலதா ஒவ்வொருவர் கண்ணையும் குனிந்து உற்றுப் பார்த்தாள். மூத்தவளான சின்னத்தாயியின் கண்ணைத் திரும்பி வந்து இன்னொரு தடவையும் பார்த்தாள்.

“எல்லாத்துக்கும் கண்ணு நொம்பப் பளிச்சுன்னு இருக்குதுங்களே.”

“நம்ம க்ரீமுதானுங்க!” என்று அள்ளிவிட்டான் மேக்ஸ்வெல். பொழுது சாய்ந்ததும் படுத்துவிடுகிற சின்னத்தாயி, மாஸ்க்குக்குள் சிரித்துக்கொண்டாள்.

ஹேமலதா பெருமூச்சு விட்டாள். “இங்கயும் அமையல ரஞ்சித்து.”

குற்றம் கண்டுபிடிக்கவே வந்தவள், கிடைக்காத ஏமாற்றத்தில் இருக்கிறாள் என்று மேக்ஸ்வெல் எண்ணிக்கொண்டான். கண்ணாடியை இன்னும் மேலே தள்ளி விட்டான்.

“நீங்க எதுக்குங்க ரூமுக்குள்ளயும் கண்ணாடி போட்டிருக்கறீங்க?”

“மெட்ராஸ் ஐங்க.”

ஓட்டல்காரன் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு தனக்கு வாந்திபேதி என்று சொன்ன கதைதான். சொல்லி முடித்த பிறகே அவனுக்கு உறைத்தது. அதற்குள் ஹேமலதா கதவுக்கு வெளியே போயிருந்தாள்.

“கண்ணு நோவ வெச்சுக்கிட்டு, கண்ணுக்குப் பூசற க்ரீம் பக்கத்துல நிக்கறீங்களா? இத நான் வித்தா ஊரு பூராக் கண்ணு செவந்து போயிருமுங்க! ரஞ்சித்து, வண்டிய எடு.”

மேக்ஸ்வெல் பின்னாலேயே ஓடினான். மேகமும் கறுப்புக் கண்ணாடியும் சேர்ந்து கார் எந்தப் பக்கம் நிற்கிறது என்றே தெரியவில்லை. ஒரு பூந்தொட்டியை உதைத்துக் கவிழ்த்து, காரின் மேலேயே போய் மோதி நின்றான். வேறு வழியில்லாமல் கண்ணாடியைக் கழற்றினான்.

“நில்லுங்கக்கா! மெட்ராஸ் ஐ இல்லீங்க, பொய் சொல்லிட்டேன். கருவளையம்! நல்லாப் பாத்துக்குங்க. இந்த லட்சணத்துல நான் கருவளையத்துக்கு க்ரீம் செய்யறேன். சிரிக்கறதுன்னா சிரிங்க. ஆனா என்ர மூஞ்சிக்காக அந்தப் பொம்பளைங்க பொழப்பக் கெடுத்துராதீங்க.”

ஹேமலதா சிரிக்கவில்லை. குனிந்து அவன் வலக்கண்ணுக்குக் கீழே பார்த்தாள், இடக்கண்ணுக்குக் கீழே பார்த்தாள். பின்னால் ஓடிவந்த சாரா மாதாவை வேண்டிக்கொண்டு நின்றாள்.

“ரஞ்சித்து, மேகம் இன்னும் மூடறதுக்குள்ள கேமராவ எடு.”

“அக்கா, ஆர்டருங்க...?” என்று இழுத்தான் மேக்ஸ்வெல்.

“ஆர்டரு உங்களுக்குத்தானுங்க, டப்பா முன்பக்கத்துல ‘பூசறதுக்கு முன்னாடி’ன்னு போடறதுக்கு இப்படியொரு மூஞ்சியத்தான் ஊரு ஊராத் தேடிட்டு இருந்தேன்!”