சுருளியின் சைக்கிள்

விடிகாலையில் திராட்சைப் பெட்டியோடு கிளம்பிய சுருளியைக் குடிகாரன் ஓட்டிவந்த கார் அடித்துக் கொன்றுவிட்டது. அவனுடைய சைக்கிளைச் சாலைக்குக் குறுக்கே கிடத்தி, வெயிலேற வெயிலேற ஓடைப்பட்டியே மறியலில் உட்கார்ந்திருக்கிறது. சிதறிய பழங்களில் தேனீக்கள் மொய்க்கின்றன. பெண்டாட்டி ஒச்சம்மாள் மட்டும் எழுந்துபோய்ச் சைக்கிளைத் தூக்குகிறாள்.

“அத்தே, தாசில்தார் பாக்கணும். அங்கனயே கெடக்கட்டும்” என்கிறான் கோஷம் போட்டுக்கொண்டிருந்த தங்கப்பாண்டியன்.

“பழம் நசுங்கிரும்னு அவுக இத ஒருநாளும் தரையில சாச்சதில்லப்பா.”

ஸ்டாண்டைக் காலால் தள்ளுகிறாள். அது ஒடிந்து தொங்குகிறது. கைப்பிடியை இரு கையாலும் பிடித்து, பெட்டியில்லாத கேரியரை இடுப்பில் தாங்கிக்கொண்டு நிற்கிறாள். தாசில்தாரின் ஜீப் வந்து நிற்கிறது. எல்லோரும் எழுந்து கும்பிடுகிறார்கள். ஒச்சம்மாளுக்குக் கை ஒழியவில்லை.