ஒரு காலுக்கு மூன்று கூடு

முட்டையிடும் நாள் நெருங்கிய சிட்டுக்குருவிக்கு வீட்டு புரோக்கர் காகம் ஏரிக்கரை வேலமரத்தில் ஒரு கூட்டைக் காட்டியது. குருவி உள்ளே போனதும் வால் வெளியே நின்றது.

“என்னண்ணே, திரும்பக்கூட இடமில்லையே?”

“வால் நிக்கிற இடம் பால்கனிம்மா. அதையும் சேர்த்துத்தான் விலை.”

“மேலே மூணு பெரிய கூடு காலியாக் கிடக்கே?”

“கொக்கு ஐயா வாங்கிட்டாரு. விலை ஏறட்டும்னு சும்மா போட்டு வச்சிருக்காரு.”

“ஒண்ணை எனக்குக் கேட்டுப் பாத்திருக்கலாமே?”

“கேட்டேம்மா. மூணும் எனக்குத்தான்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு.”

குருவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அவர் தூங்குறதும் அதே ஒத்தக்கால்லதானே அண்ணே. அந்த ஒரு காலுக்கு மூணு கூடு, என் வயித்துல இருக்கிற முட்டைக்குப் பால்கனியா?”