தானாய்ப் போனால் தம்பிடி கிடையாது

மரச்சாமான் கடையில் அவருடைய மேசை மேல் 'மேனேஜர்' என்று பலகை இருந்தது. வேலையாட்கள் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த பெயர் 'மச்சான் சார்'. முதலாளியம்மாவின் கூடப்பிறந்த தம்பி. வேறென்ன தகுதி வேண்டும்? அக்கா இருக்கிற வரைக்கும் தன்னை ஒருத்தரும் அசைக்க முடியாது என்று அவரே சொல்லிக்கொண்டு திரிவார்.

"கடையில ஒரு ஆள் அதிகம், மாப்ளே," என்றார் முதலாளி, அறைக் கதவைச் சாத்திவிட்டு. "வியாபாரம் இருக்கிற இருப்புல கட்டுப்படி ஆகலை. ஆனா நாமளா போகச் சொன்னா, வருஷத்துக்கு இவ்வளவுன்னு செட்டில்மென்ட் கொடுத்துத்தான் அனுப்பணும்."

"தானாப் போயிட்டா?"

"தானாப் போனா தம்பிடி கிடையாது. வேலைக்குச் சேரும்போதே அப்படித்தானே எழுதி வாங்கியிருக்கோம்."

மச்சான் சாருக்கு உடனே விளங்கிவிட்டது. கடை திறந்த நாளிலிருந்து கிடங்கைக் காக்கிற சாவிக்காரம்மாதான் அந்த ஆள். இடுப்பில் சாவிக்கொத்து, வாயில் ஓயாத பேச்சு. இத்தனை வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் செட்டில்மென்ட்டே மூட்டை மூட்டையாக வரும். போதாததற்கு, மச்சான் சார் ஒரு கட்டிலைத் தலைமாட்டுப் பலகை இல்லாமலே விற்று அனுப்பிய கதையை நாலு பேர் நடுவில் போட்டு உடைத்ததும் அந்த அம்மாதான். அதை அவர் மறக்கவில்லை.

"சாவிக்காரம்மாதானே அத்தான்? என்கிட்ட விடுங்க. வெறுங்கையோட ஓட வைக்கிறேன்."

முதலாளி பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். "எப்படி?" என்று மட்டும் கேட்டார்.

"பேய்! கிடங்குல அந்த ஆடுற நாற்காலி விக்காமலே கிடக்கே, அதுல தூண்டில் நரம்பைக் கட்டி பேக்கிங் ரூம்ல இருந்து இழுத்தாப் போதும். நாற்காலி தானா ஆடும். நரம்பு கண்ணுக்கே தெரியாது. அந்தம்மா அலறியடிச்சுக்கிட்டு ஓடிடும்."

முதலாளி ரொம்பவும் அக்கறையாகக் கேட்டார். நரம்பை எங்கே கட்டுவது, எவ்வளவு இழுப்பது என்று ஒன்று விடாமல் விசாரித்தார். "உனக்கு மூளை மாப்ளே," என்று முதுகில் தட்டினார். அந்தக் கடையில் மச்சான் சாருக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. மனுஷன் பூரித்துப்போனார்.

மறுநாள் மத்தியானம் பேக்கிங் அறையில் குந்தி உட்கார்ந்து, சுவர் ஓட்டையில் கண்ணை வைத்துக்கொண்டு நரம்பை இழுத்தார். நாற்காலி அழகாக ஆடியது.

சாவிக்காரம்மா திரும்பிப் பார்த்தார். "யாருப்பா அது? உக்காரு, உக்காரு. பேச ஆளில்லாம எனக்கும் வாய் செத்துப்போச்சு," என்றார். அப்புறம் தன் மருமகளைப் பற்றி நாற்காலியிடம் ஒரு பாட்டம் புலம்பித் தீர்த்தார்.

அடுத்த நாள் மச்சான் சார் பக்கத்திலிருந்த பெரிய அலமாரியின் கதவில் நரம்பைக் கட்டினார். கதவு கிறீச்சென்று திறந்தது.

"மெதுவாத் திற, கீல் பேந்துடும்!" என்று அதட்டினார் அந்த அம்மா, குனிந்த தலை நிமிராமல்.

அடக் கொடுமையே! இழுத்து இழுத்து மச்சான் சாரின் விரலில் கொப்புளம் வந்ததுதான் மிச்சம். முதலாளி வேறு பார்க்கும்போதெல்லாம், "என்ன மாப்ளே, எப்போ?" என்று கண்ணாலேயே கேட்டுக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலை சாவிக்காரம்மாவே அவரைத் தேடி வந்தார். "தம்பி, நம்ம கிடங்குக்கு ஒரு பெரியவர் வந்து போயிட்டிருக்கார். உயிரோட இல்லை, ஆனா நல்ல மனுஷன். உங்களைப் பார்க்கணும்கிறார்."

மச்சான் சாருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "என்னையா? எதுக்காம்?"

"நீங்க வித்த கட்டில்லதான் போய்ச் சேர்ந்தாராம். தலைமாட்டுப் பலகை எங்கேன்னு கேக்கறார்."

அன்று மத்தியானம், தேய்ந்துபோன நரம்பை மாற்றுவதற்காக மச்சான் சார் கிடங்குக்குள் போனார். சாவிக்காரம்மா முன்கடையில் யாருக்கோ மேசை காட்டிக்கொண்டிருக்கும் குரல் தெளிவாகக் கேட்டது. பழைய நரம்பை அவிழ்த்துச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தார்.

நாற்காலி ஆடியது.

பையைத் தொட்டுப் பார்த்தார். நரம்பு பையில்தான் இருந்தது. நாற்காலி இன்னும் வேகமாக ஆடியது. அலமாரிக் கதவு ஒரு விரற்கடை திறந்தது. உள்ளிருந்து கரகரவென்று ஒரு குரல் கேட்டது.

"தலைமாட்டுப் பலகை எங்கேடா?"

மச்சான் சார் ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு கிடங்கிலேயே தங்கிவிட்டது. முதலாளியின் அறையில் ஆள் இல்லை. கையில் கிடைத்த தாளை இழுத்து, 'சொந்த விருப்பத்தின் பேரில் விலகுகிறேன்' என்று மளமளவென்று எழுதினார். எழுதி முடிக்கும்போதுதான் முதலாளி தும்மிக்கொண்டே உள்ளே வந்தார்.

"அவசரப்படாதே மாப்ளே. தானாப் போனா தம்பிடி..."

"தம்பிடியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம் அத்தான்! உயிர் இருந்தாப் போதும்!"

கையெழுத்தைக் கிறுக்கி மேசை மேல் எறிந்துவிட்டு, ஒற்றைச் செருப்போடு தெருவில் இறங்கியவர் திரும்பியே பார்க்கவில்லை.

சாவிக்காரம்மா அறை வாசலில் வந்து நின்றார். "தம்பியை வெளியே அனுப்பினா நானும் பின்னாலேயே கிளம்பிடுவேன்னு வீட்டுல முதலாளியம்மா சொல்லியிருந்தாங்களே முதலாளி. இப்போ கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"நான் எங்கே அனுப்பினேன்? எழுதிக் கொடுத்துட்டுத் தானாத்தானே போனான்!" முதலாளி இன்னொரு தும்மல் போட்டு, சட்டையில் ஒட்டியிருந்த அலமாரித் தூசியைத் தட்டினார். பிறகு தன் பையிலிருந்த தூண்டில் நரம்பை எடுத்து அந்த அம்மாவிடம் நீட்டினார்.

"இதைப் பத்திரமா வைங்கம்மா. சின்ன மச்சான் அடுத்த மாசம் படிப்பை முடிக்கிறான்."