நகம் தட்டாத கண்ணாடி

"நகம் இன்னும் தட்டுது தம்பி" என்றார், கண்ணாடியை விரல் நகத்தால் வருடிப் பார்த்த சந்திரமதி.

சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்து வாகனப் பட்டறையில் வேலை செய்யும் ஜெரார்டுக்கு எரிச்சலாக வந்தது. சந்திரமதி ஓட்டும் பள்ளி வேனின் முன்கண்ணாடியில் கல் தெறித்து விழுந்த மிளகளவு குழி அது. பசையை ஊற்றி நிரப்பி, விளக்கொளியில் இறுக வைத்து, பிளேடால் சீவிச் சமப்படுத்தியும் விட்டான்.

"பார்த்தா தெரியாதுக்கா. வண்டியை விக்கப் போறீங்களா?"

"இல்ல லா. நீ சரியா செய்."

மறுபடியும் ஒரு துளி விட்டுச் சீவி, பாலிஷ் போட்டுத் தேய்த்தான். இப்போது குழி இருந்த இடம் அவன் நகத்துக்கே பிடிபடவில்லை. பெருமையாக இருந்தது.

"இனி அஞ்சு வருஷத்துக்குக் கவலையே இல்லக்கா. விரிசல் ஓடாது, கேரண்டி!"

"அஞ்சு வருஷமா?" சந்திரமதி சிரித்தார். "வண்டியோட பத்து வருஷ சிஓஇ உரிமம் நாளையோட முடியுது. காலையில வண்டியை உடைக்கக் கொடுக்கப் போறேன்."

ஜெரார்டின் கைத்துணி அப்படியே நின்றது. "அப்புறம் எதுக்குக்கா இவ்வளவு பாடு?"

"பத்து வருஷமா பிள்ளைங்களை ஏத்தி இறக்கியிருக்கேன். ஒரு பிள்ளைக்கும் கீறல் பட்டதில்ல, வண்டிக்கும் பட்டதில்ல. போன வாரம் எவனோ லாரிக்காரன் கல்லைத் தெறிக்க விட்டுட்டான். உடைக்கிறவங்க இதைப் பார்த்துட்டு, ஓட்டினவளுக்கு ஓட்டத் தெரியலன்னு நினைச்சிடக் கூடாதில்ல?"

வண்டிச் சாவியை நீட்டப்போன ஜெரார்ட், அதை மறுபடியும் பையில் போட்டுக்கொண்டான்.

"கொஞ்சம் உட்காருங்கக்கா. மத்த கண்ணாடிக்கும் பாலிஷ் போட்டுடுறேன்."